ஆறு கதவுகளும் ஒரு மருமகளும்: ஒருங்கிணைந்த இல்லப் பராமரிப்பு என்றால் என்ன?

2030ஆம் ஆண்டுக்குள் மலேசியா மூப்படைந்த நாடாகிவிடும், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் மக்கள்தொகையில் 15 விழுக்காட்டை எட்டிவிடுவார்கள் என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. அந்தச் செய்திகளோடு ‘ஒருங்கிணைந்த இல்ல, சமூகப் பராமரிப்பு’ என்ற தொடரும் சேர்ந்து வருகிறது. படிப்பவர்களில் சிலர் அதை முதியோர் இல்லம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் வீட்டுக்குத் தாதி வரும் சேவை என்கிறார்கள். இன்னும் சிலருக்கு அது மாதாந்தர உதவித்தொகை. இவை எல்லாமே அதன் துண்டுகள்தாம். துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் வேலைக்குத்தான் அந்தப் பெயர். கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த மூப்பியல் மருத்துவர் ரெஜான் எபேர் இந்த வேலையையே தம் ஆராய்ச்சியாகக் கொண்டவர். அவரும் அவர் குழுவினரும் கண்டறிந்தவை பேராக்கின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இங்கே அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## ஒரு வீடு, ஆறு கதவுகள்

சுங்கை சிப்புட், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் வழியில் இருக்கிறது. எல்ஃபில், கமுனிங் என்று தோட்டங்கள் சூழ வளர்ந்த ஊர். அங்கே ஒரு மூதாட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 71. பல்லாண்டுகள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்ட வீட்டை விட்டு வந்தபின் நகரை ஒட்டிய தாமான் (குடியிருப்புப் பகுதி) ஒன்றில் மகனோடும் மருமகளோடும் இருக்கிறார். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றி, மருந்துப் பையும் மறுபரிசோதனை அட்டையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி அவருக்கு உதவக்கூடியவை எவை?

1. அரசாங்க சுகாதார கிளினிக். 60 வயதைக் கடந்த குடிமக்களிடம் வெளிநோயாளிக் கட்டணம் வாங்குவதில்லை. ரத்த அழுத்தத்துக்கும் இனிப்புநீருக்கும் (நீரிழிவு) மருந்து இங்கே கிடைக்கும்.
2. கிளினிக்கை நடத்தும் சுகாதார அமைச்சு 2014இல் தொடங்கிய ‘டொமிசிலியரி’ சேவை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய படுக்கை நோயாளிகளின் வீட்டுக்கு கிளினிக் குழு வரும். புண்ணுக்கு மருந்து கட்டும், குழாய் மாற்றும், பயிற்சி சொல்லித்தரும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பது விதி. சேவைக்குக் கால வரம்பும் உண்டு.
3. மருத்துவமனையின் இயன்மருத்துவப் பிரிவு. இதற்கு நோயாளியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.
4. சமூக நல இலாகாவின் உதவித்தொகை. படுத்த படுக்கையானவரைப் பராமரிப்பவருக்கான மாதத் தொகை 2021இல் 350 ரிங்கிட்டிலிருந்து 500 ரிங்கிட்டாக உயர்ந்தது.
5. அதே இலாகாவில் பதிய வேண்டிய ஓ.கே.யூ. (மாற்றுத்திறனாளி) அட்டை. முதலில் மருத்துவரின் சான்று வேண்டும்.
6. தொண்டர்கள் வீட்டுக்கு வந்து உதவும் திட்டமும், ‘பாவே’ எனப்படும் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்களும்.

ஆக, நாட்டில் சேவையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆறு கதவுகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனித் தகுதி, தனிக் கோப்பு, தனி நாள். கிளினிக் ஓர் அமைச்சின் கீழ் வருகிறது, சமூக நல இலாகா வேறோர் அமைச்சின் கீழ். முதல் கதவில் சொன்ன கதையை இரண்டாவதிலும் சொல்ல வேண்டும், மூன்றாவதிலும் சொல்ல வேண்டும். அந்த ஆறு கதவுகளுக்கும் இடையே நடப்பவர் யார்? பெரும்பாலும் மருமகள். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவராக இருந்தால் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு நாள் சம்பளம் போகும்.

இந்த நிலை எத்தனை வீடுகளில் இருக்கும்? 2018ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு 60 வயதைத் தாண்டியவர்களில் 17 விழுக்காட்டினர் குளித்தல், உடுத்துதல், நடத்தல் போன்ற அன்றாடச் செயல்களில் பிறர் துணையை நாடுகிறார்கள் என்றும், 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கலாம் என்றும் கண்டது. அடுத்த ஆண்டின் ஆய்வில் பெரியவர்களிடையே இனிப்புநீர் நாடு முழுவதும் 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. இனிப்புநீர் முற்றினால் கண், சிறுநீரகம், கால் என்று ஒவ்வொன்றாகப் பறிபோகும், பக்கவாதத்துக்கும் வழி திறக்கும். நம் வீட்டு முதியவர்களுக்கு அந்த ஆறு கதவுகளும் ஒரே நேரத்தில் தேவைப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

## ‘ஒருங்கிணைப்பு’ என்பதில் மூன்று படிகள்

இல்லப் பராமரிப்பு என்றால் ஒருவர் வாழும் வீட்டிலேயே அவருக்குச் செய்யப்படும் மருத்துவ, உடலுதவிப் பணிகள். சமூகப் பராமரிப்பு என்றால் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே ஊரில் கிடைப்பவை: பகல்நேர மையம், உணவு, போக்குவரத்து, தொண்டர், உதவித்தொகை. இவற்றை இணைப்பதில் மூன்று படிகள் உண்டு என்று அமெரிக்க ஆய்வாளர் வால்டர் லூட்ஸ் 1999இல் பிரித்துக் காட்டினார்.

1. தொடர்பு: ஒவ்வோர் அமைப்பும் தன் வேலையைத் தான் செய்யும், அடுத்தவரிடம் அனுப்பத் தெரிந்திருக்கும். பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுப்பது இந்தப் படி.
2. ஒத்திசைவு: அமைப்புகள் தனித்தனியாகவே இருக்கும், ஆனால் மதிப்பீடு, திட்டம், கோப்பு, பொறுப்பாளர் ஆகியவை பொதுவாகும்.
3. முழு இணைவு: ஒரே நிறுவனம், ஒரே நிதி, எல்லாச் சேவையும் ஒரே கூரையின் கீழ்.

மூன்றாவது படிக்குப் புகழ்பெற்ற சான்று சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுனில் 1970களின் தொடக்கத்தில் எழுந்த ‘ஆன் லோக்’. புலம்பெயர்ந்து வந்து முதுமையடைந்த சீனர்களும் பிறரும் முதியோர் இல்லத்துக்குப் போக மறுத்ததால் பிறந்த பகல்நேர மையம் அது. மருத்துவர், உணவு, வண்டி எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொண்டது. தன் மொழியும் தன் சாப்பாடும் இல்லாத இடத்தில் போய்ச் சாக மாட்டேன் என்னும் உணர்வு தோட்டத்து முதியவர்களுக்கு அந்நியமானது அன்று. ஆயினும் ஒரு சிறு நகரத்தில் எல்லாவற்றையும் ஒரே நிறுவனமாகக் கட்டியெழுப்பப் பெரும் முதல் வேண்டும். எபேர் இரண்டாவது படியைத் தேர்ந்தெடுத்தார். நமக்கு அவர் பயன்படுவது அதனால்தான்.

## எபேரின் பிரிஸ்மா: ஆறு உறுப்புகள்

ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எபேரும் சக ஆய்வாளர்களும் 1999 வாக்கில் ‘பிரிஸ்மா’ என்ற ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். முதியவர்கள் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ளும் ஆற்றலைக் காப்பதற்காகச் சேவைகளை இணைப்பது அதன் குறிக்கோள். ஷெர்புரூக் நகரத்தோடு கிரானி, குவாட்டிகுக் என்ற இரு கிராமப்புறப் பகுதிகளிலும் அதை நடைமுறைப்படுத்தினார்கள். கிராமப்புறத்திலும் ஓடிப் பார்த்த வண்டி என்பதைக் கவனிக்க வேண்டும்.

1. நிர்வாகங்களின் ஒத்திசைவு. மேல்மட்ட அதிகாரிகள், நடுமட்ட மேலாளர்கள், களப்பணியாளர்கள் ஆகிய மூன்று நிலையிலும் ஒரு பொது மேசை.
2. ஒற்றை நுழைவாயில். முதியவர் எந்தக் கதவைத் தட்டினாலும் பெயர் ஒரே இடத்தில் பதிவாகும்.
3. பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர். இவரே மையம். தாதியாகவோ சமூகப் பணியாளராகவோ இருக்கலாம். வீட்டுக்குப் போய் மதிப்பிடுவதும், சேவைகளை ஏற்பாடு செய்வதும், அவை நடக்கின்றனவா என்று பார்ப்பதும், குடும்பத்தின் சார்பாக அலுவலகங்களோடு வாதாடுவதும் இவர் வேலை. ஒருவருக்குச் சுமார் 40 முதியவர்கள் போதும் என்பது பிரிஸ்மாவின் கணக்கு. 200 பேரைத் தலையில் கட்டினால் அவர் தொலைபேசி எடுப்பவராகத்தான் இருப்பார்.
4. ஒவ்வொருவருக்கும் எழுத்தில் ஒரு தனித் திட்டம்.
5. எல்லா அமைப்புகளும் ஏற்கும் ஒரே மதிப்பீட்டுக் கருவி. இதைத் தனியாகப் பார்ப்போம்.
6. பகிர்ந்துகொள்ளும் கணினிக் கோப்பு. ஒரு முறை சொன்ன கதையை மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

இவற்றில் எதுவும் புதிய கட்டடம் கேட்கவில்லை. இருக்கும் மருத்துவமனை, கிளினிக், தொண்டு அமைப்பு எல்லாம் அப்படியே இருக்கும்.

## ஸ்மாஃப்: நோயைக் கேட்காத கருவி

எபேரின் உழைப்பில் நான் மிக முக்கியமாகக் கருதுவது அந்த ஐந்தாம் உறுப்பான ‘ஸ்மாஃப்’ என்ற அளவுகோல். என்ன நோய் என்று அது கேட்பதில்லை. என்ன செய்ய முடிகிறது என்று கேட்கிறது. மொத்தம் 29 செயல்கள். உண்பது, கழுவுவது, உடுத்துவது, கழிப்பறை போவது போன்றவை 7. படுக்கையிலிருந்து எழுவது, நடப்பது, படியேறுவது போன்றவை 6. பார்வை, செவி, பேச்சு என 3. நினைவு, திசையறிவு, புரிதல், தீர்மானம், நடத்தை என 5. சமையல், கடைக்குப் போவது, மருந்து எடுப்பது, வரவு செலவு பார்ப்பது போன்றவை 8. ஒவ்வொன்றுக்கும் குறைபாட்டின் அளவுப்படி பூஜ்யத்திலிருந்து கழித்தல் 3 வரை மதிப்பெண்.

இதுவரை பல கருவிகள் செய்வதுதான். ஸ்மாஃப் அடுத்த கேள்விக்கு நகர்கிறது: இந்தக் குறையை ஈடுசெய்ய இப்போது ஆள் இருக்கிறாரா? யார்? வரும் சில வாரங்களில் அந்த உதவி கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா?

நம் மூதாட்டியால் தானாகக் குளிக்க முடியாது. குறைபாடு பெரியது. மருமகள் குளிப்பாட்டிவிடுகிறார் என்றால் அந்தக் குறை ஈடாகிவிட்டது. வெளிப் பார்வைக்குச் சிக்கல் இல்லை. வழக்கமான மருத்துவக் குறிப்பில் ‘வீட்டில் ஆள் உண்டு’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். ஸ்மாஃப் அந்த மருமகளின் பெயரை எழுதிக்கொள்கிறது. அடுத்த மாதம் அவருக்கு இரவு ஷிப்ட் என்றாலோ, இடுப்பு பிடித்துக்கொண்டது என்றாலோ, தாய் வீட்டில் ஒரு சாவு விழுந்தாலோ 29 செயல்களில் எத்தனை அந்தரத்தில் நிற்கும் என்று கேட்கிறது. தேவை என்பது குறைபாட்டுக்கும் கிடைக்கும் துணைக்கும் இடையிலுள்ள பள்ளம் என்று இந்தக் கருவி காட்டுகிறது. ஒரே அளவு செயலிழந்த இருவரில் ஒருவருக்கு மூன்று மகள்கள் பக்கத்துத் தெருவில் இருக்கலாம். இன்னொருவரின் ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை செய்யலாம். இருவருக்கும் ஒரே தேதி, ஒரே மருந்துப் பை கொடுத்து அனுப்புவது நியாயமாகாது.

பள்ளிக்கூடம் போகாத தலைமுறைக்கு இதில் இன்னொரு நன்மை உண்டு. நூறிலிருந்து ஏழேழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது என்று சோதிக்கும் மறதித் தேர்வுகள் தோட்டத்துப் பாட்டியை நியாயமின்றித் தோற்கடித்துவிடும். அடுப்பை அணைக்க மறக்கிறாரா, வீட்டுக்கு வழி தெரிகிறதா என்று கேட்டால் விடை வேறாக இருக்கும். கேள்வி தமிழில் கேட்கப்பட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மருமகளே மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருக்கும்போது மருமகளைப் பற்றிய கேள்விக்கு எந்தப் பாட்டி மனம் திறப்பார்?

## பலன் கிடைத்ததா?

கிடைத்தது, ஆனால் உடனே அன்று. 75 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் 1,500 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். பிரிஸ்மா நடந்த பகுதி ஒரு பக்கம், நடக்காத பகுதி மறு பக்கம். ஆறு உறுப்புகளும் 70 விழுக்காட்டுக்கு மேல் நடைமுறைக்கு வந்தபின்தான் வித்தியாசம் தெரிந்தது. நான்காம் ஆண்டில், புதிதாகச் செயலாற்றல் சரிந்தவர்கள் பிரிஸ்மா பகுதியில் ஆயிரத்துக்கு 137 பேர் குறைவு. நிறைவேறாத தேவைகள் மற்றப் பகுதியில் ஏறக்குறைய இரு மடங்கு. அவசரப் பிரிவுக்கு ஓடுவதும் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது.

ஓர் ஆண்டு முன்னோட்டத் திட்டம் நடத்தி, பலன் இல்லை என்று மூடிவிடும் வழக்கத்துக்கு இந்த நான்கு ஆண்டுக் கணக்கு பதில் சொல்கிறது. இணைப்பு முதலில் செலவு வைக்கும், பிறகுதான் மிச்சப்படுத்தும் என்று லூட்ஸும் எச்சரித்திருந்தார்.

## தோட்டம் இழந்த வலை

சுங்கை சிப்புட்டுக்கு வருவோம். தோட்டத்தில் பழைய காலத்தில் ஒரு வகைப் பராமரிப்பு வலை இருந்தது. தாய்மார் விடிகாலை வருகைக் கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போகும்போது குழந்தைகளை ஆயா கொட்டகையில் விட்டுப் போனார்கள். வயதான பெண்களில் சிலருக்கு அதுவே வேலை. காய்ச்சலுக்குத் தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெசர் இருந்தார். லயத்து வீடுகளின் சுவர் ஒட்டியிருந்ததால் ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்டது. அதைப் பொற்காலம் என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம்: சம்பளம் சொற்பம், வீடு முதலாளியுடையது, வேலை போனால் கூரையும் போயிற்று.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய் வீடமைப்பு வந்தபோது அந்த வலை அறுந்தது. மக்கள் நகரத்தின் மலிவு விலை வீடுகளுக்குச் சிதறினார்கள். பிள்ளைகள் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் போனார்கள். அரசாங்கச் சேவைகள் அந்த இடத்தை ஓரளவு நிரப்பின. ஆனால் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டதை விண்ணப்பப் பாரங்களால் நிரப்ப முடியவில்லை. பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் என்று எபேர் சொல்பவர், அந்த டிரெசரும் அந்த ஆயாவும் சேர்ந்த ஆள் என்று வைத்துக்கொண்டால் நம் ஊரில் எளிதில் விளங்கும்.

## இங்கே எங்கிருந்து தொடங்குவது?

முதலில் யாருக்கு என்ற கேள்வி. எல்லா முதியவர்களுக்கும் ஒருங்கிணைப்பாளர் தேவையில்லை. அதற்காக எபேரின் குழு ‘பிரிஸ்மா 7’ என்று ஏழு கேள்விகளைத் தந்தது. தொண்டர் எவரும் கேட்கலாம், சில நிமிடங்கள் போதும்:

1. வயது 85ஐத் தாண்டியவரா?
2. ஆணா?
3. உடல்நலக் குறையால் செயல்களைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதா?
4. யாராவது தவறாமல் வந்து உதவ வேண்டியிருக்கிறதா?
5. உடல்நலக் குறையால் வீட்டிலேயே இருக்க வேண்டியிருக்கிறதா?
6. தேவை என்றால் நெருங்கியவர் ஒருவரை நம்பியிருக்க முடியுமா?
7. கைத்தடி, நடைச்சட்டம், சக்கர நாற்காலி இவற்றில் ஒன்றை வழக்கமாகப் பயன்படுத்துகிறாரா?

மூன்று அல்லது அதற்கு மேல் ‘ஆம்’ வந்தால் அந்த முதியவரை முழுமையாக மதிப்பிட வேண்டும். முதல் கேள்வியை அப்படியே எடுப்பது நமக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. இளமை முழுதும் பால்வாளி சுமந்த முதுகு 65லேயே தளர்ந்துவிடுகிறது. உள்ளூரில் சோதித்து வயதை மாற்ற வேண்டும்.

இந்தக் கேள்விகளை எங்கே கேட்பது? கோயில் அன்னதானத்தில், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில், சங்கங்களில். ஆனால் பெயர்ப்பட்டியல் போய்ச் சேரும் இடம் ஒன்றாக இருக்க வேண்டும். இயற்கையான நுழைவாயில் சுகாதார கிளினிக்தான்: டொமிசிலியரி குழுவை ஏற்கெனவே நடத்துவதும், வீடுகளின் வழி தெரிந்திருப்பதும் கிளினிக்குகள்தாம். அங்கே தமிழும் மலாயும் பேசும் ஒருங்கிணைப்பாளர் ஒருவரை அமர்த்தி, சமூக நல இலாகாவின் விண்ணப்பங்களையும் அவரே எழுதிக் கொடுக்க அதிகாரம் தந்தால் ஆறு கதவுகளில் நான்கு ஒன்றாகிவிடும்.

## பணம் எங்கே போகிறது?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஒருங்கிணைப்பாளர் அருமையாகத் திட்டம் எழுதலாம். குளிப்பாட்ட வரும் ஆளுக்குச் சம்பளம் இல்லையென்றால் திட்டம் தாளோடு நிற்கும். எபேருக்கே இது தெரிந்திருந்தது. அவர் 2012இல் கியூபெக்கின் சுகாதார அமைச்சரானார். பணம் நிறுவனங்களைச் சுற்றியே பாய்கிறது, வீட்டில் இருப்பவருக்கு வந்து சேர்வதில்லை என்பது அவர் வாதம். ஸ்மாஃப் காட்டும் தேவைக்கேற்ப ஒவ்வொருவருக்கும் ஒரு தொகை ஒதுக்கி, வீட்டிலா விடுதியிலா என்பதை அவரே முடிவு செய்யட்டும் என்று 2013இல் ‘தன்னாட்சிக் காப்பீடு’ ஒன்றை முன்வைத்தார். 2014 தேர்தலில் அவர் கட்சி தோற்றது. சட்ட முன்வரைவும் அதோடு போயிற்று.

மலேசியாவில் மாதாந்தரப் பராமரிப்புத் தொகை எல்லாப் பயனாளிக்கும் ஒன்றுதான். ஒரு நேரம் குளிப்பாட்டினால் போதும் என்ற வீட்டுக்கும், இரவில் மூன்று முறை புரட்டிப் போட வேண்டிய வீட்டுக்கும் அதே தொகை. வேலையை விட்ட மருமகளுக்கு அது ஈடாகாது. அவருடைய சேமநிதிச் சந்தா அன்றோடு நிற்கிறது. அவர் முதுமையில் யாரை நம்புவார் என்ற கணக்கை எந்தப் பாரமும் கேட்பதில்லை. தேவையை அளக்கும் கருவி வந்தால்தான் தொகையைத் தேவைக்கேற்பப் பிரிக்க முடியும். ஆகவே மதிப்பீட்டுக் கருவியை முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

## அதுவரை ஒரு குடும்பம் செய்யக்கூடியவை

1. மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன்பே டொமிசிலியரி சேவைக்குப் பரிந்துரை கேளுங்கள். எந்த கிளினிக், தொடர்பு எண் என்ன என்று எழுதி வாங்குங்கள்.
2. ஓ.கே.யூ. அட்டைக்கும் உதவித்தொகைக்கும் வேண்டிய மருத்துவச் சான்றை, மருத்துவரைப் பார்க்கும் அந்த ஒரே நாளில் கேட்டுவிடுங்கள்.
3. ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்: அடையாள அட்டை நகல், மருந்துப் பட்டியல், மருத்துவமனைக் குறிப்பு, மறுபரிசோதனைத் தேதிகள். எந்தக் கதவுக்குப் போனாலும் அது கூடவே போகட்டும்.
4. ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் முதியவரால் தானாகச் செய்ய முடியாதவை. வலப்பக்கம் அதை இப்போது செய்பவரின் பெயர். கிளினிக்கில் காட்டுவதற்கு முன் வீட்டில் எல்லோரும், ஜொகூரில் இருக்கும் மகன் உட்பட, அதைப் படிக்கட்டும். வலப்பக்கத்தில் ஒரே பெயர் மேலிருந்து கீழ்வரை இருந்தால், இரண்டாவது பெயரை அன்றைக்கே எழுதுங்கள்.